உள்ளங்கைக்குள் ஒரு லேப்!

ஒரு துளி ரத்தம் எதைச் சொல்லும்? எதைச் சொல்லாது?

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இருக்கிறார்களா? அப்படியானால் ஃப்ரிட்ஜின் மேலேயோ, அலமாரியிலோ ஒரு சின்னப் பை கட்டாயம் இருக்கும். அதற்குள் ஒரு குளுக்கோமீட்டர், விரலில் குத்தும் ஊசி, ஒரு குப்பி நிறைய ஸ்ட்ரிப்புகள்.

அடுத்த முறை டெஸ்ட் செய்து முடித்ததும், அந்த ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் ஒரு மெல்லிய பாதை தெரியும். அதில் ரத்தம் ஏறி நிற்கும். நீங்கள் அதை உள்ளே தள்ளவில்லை. விரலின் ஓரத்தில் வைத்தீர்கள், அதுவே உறிஞ்சிக்கொண்டது. குத்துவிளக்கின் திரி எண்ணெயை மேலே இழுக்கிறதே, அதே தத்துவம்தான்.

இந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுக்குள் இரண்டு பெரிய விஞ்ஞானங்கள் கைகோத்திருக்கின்றன. ஒன்று, முடியைப் போன்ற நுண்ணிய வழிகளில் திரவத்தை ஓட்டும் வித்தை. இதற்கு மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் என்று பெயர். இன்னொன்று, நமக்கெல்லாம் பழக்கமான மைக்ரோ சிப். முதலாவது ரத்தத்தைச் சரியான அளவில் சரியான இடத்துக்குக் கொண்டு போகிறது. இரண்டாவது அங்கே நடப்பதைப் படித்து எண்ணாக மாற்றுகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான், ஒரு காலத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் லேப்பில் மட்டுமே நடந்த சில பரிசோதனைகள் இன்றைக்கு ஆம்புலன்சிலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், உங்கள் சாப்பாட்டு மேஜையிலும் நடக்கின்றன.

'சித்த வைத்தியருக்கு இதில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி!

நெய்க்குறி முதல் சிப் வரை

எங்கள் மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் பார்த்து நோயைக் கணிப்பது. அதில் கடைசியாகச் சொன்ன மூத்திரப் பரிசோதனையில் நெய்க்குறி என்று ஒரு பகுதி. விடியற்காலைச் சிறுநீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, அசையாமல் வைத்து, மேலே ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவார்கள். அது பாம்பு போல் நீண்டால் வாதம், மோதிரம் போல் வளைந்தால் பித்தம், முத்துப் போல் நின்றால் கபம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மருத்துவக் கல்லூரியில் நாங்கள் வரிசையில் நின்று குனிந்து பார்த்துப் படித்த பாடம் இது.

உடனே, 'பார்த்தீங்களா, நம்ம முன்னோர்கள் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க' என்று சொல்லிவிடாதீர்கள். நெய்க்குறி, முக்குற்றங்களின் நிலையைக் கணிப்பதற்கு எங்கள் மருத்துவத்தில் உள்ள வழி. அது ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சர்க்கரை என்று சொல்லாது. காசநோய்க் கிருமியைக் காட்டாது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. ஒரு சொட்டு எப்படி நடந்துகொள்கிறது என்று பொறுமையாகப் பார்க்கிற வைத்தியனுக்குத்தான் அது பயன்படும். சொட்டு தானாக வைத்தியம் செய்யாது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போவதும் இதுதான். கருவி சின்னதாக ஆக ஆக, அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு சொட்டில் நூறில் ஒரு பங்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. அதில் சுமார் 100 சொட்டு இருக்கும். அதாவது ஒரு சொட்டு சுமார் 50 மைக்ரோலிட்டர். இன்றைய குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகளில் பலவற்றுக்கு 1 மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தமே போதும். சிலவற்றுக்கு அரை மைக்ரோலிட்டர். ஒரு சொட்டில் நூறில் ஒரு பங்கு!

அந்த ரத்தம் உள்ளே போனதும் என்ன நடக்கிறது? பாதையின் அடியில் ஒரு நொதி தடவப்பட்டிருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள குளுக்கோசோடு மட்டும் வினை புரியும். அந்த வினையில் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். அவை பக்கத்தில் உள்ள மின்முனைக்குப் போகும். குளுக்கோஸ் எவ்வளவு அதிகமோ, மின்னோட்டமும் அவ்வளவு அதிகம். மீட்டருக்குள் இருக்கும் சிப் அந்த மெல்லிய மின்சாரத்தை அளந்து, கணக்குப் போட்டு, '142' என்று திரையில் காட்டுகிறது. சில விநாடிகளில் வேலை முடிந்தது.

இதற்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க். நொதியையும் மின்முனையையும் சேர்த்து ரத்தச் சர்க்கரையை அளக்கலாம் என்று 1962-ல் வழி காட்டினார். 1979-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், வாயுக் கலவையைப் பிரித்துப் பார்க்கும் ஒரு முழுக் கருவியையே ஒரு சிலிக்கன் தகட்டின் மேல் செதுக்கிக் காட்டினார்கள். 1990-ல் சுவிட்சர்லாந்தில் ஆண்ட்ரியாஸ் மான்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும், ஒரு லேப்பில் நடக்கும் எல்லா வேலைகளையும் ஒரே சிப்பில் அடக்கலாம் என்ற திட்டத்தை எழுதி வெளியிட்டார்கள். 'சிப்பில் லேப்' என்ற எண்ணம் அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

சின்னதாக்கினால் என்ன லாபம்?

கையில் எடுத்துப் போகலாம் என்பது மட்டுமே லாபம் என்று நினைக்காதீர்கள்.

சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். அண்டாத் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரம்? தாளிக்கிற கரண்டி சூடாக எவ்வளவு நேரம்? அளவு குறைந்தால் சூடேறுவதும் வேகம், ஆறுவதும் வேகம். பரிசோதனைக்கும் அதே கதைதான். திரவம் குறைவாக இருந்தால் சூடுபடுத்துவது, குளிர்விப்பது, வினை புரிய வைப்பது எல்லாம் சீக்கிரம் முடியும். விலை உயர்ந்த ரசாயனமும் கொஞ்சம்தான் செலவாகும். பச்சைக் குழந்தையிடமிருந்து குழாய் குழாயாக ரத்தம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு விநோதம். ஆற்றில் தண்ணீர் சுழன்று, புரண்டு, கலந்து ஓடுகிறது. தலைமுடி அளவு வழியில் அது அப்படி ஓடாது. இரண்டு திரவங்களை அந்த வழிக்குள் விட்டால், நல்ல பிள்ளைகள் போலப் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாகப் போகும். அவ்வளவு சுலபத்தில் கலக்காது. இதனால் எந்தத் திரவம், எப்போது, எவ்வளவு, எதைத் தொட வேண்டும் என்பதை மிகத் துல்லியமாக அமைக்க முடிகிறது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் ஐ-ஸ்டாட் என்ற கைக்கருவி. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்தது. டெலிபோன் ரிசீவரைவிடக் கொஞ்சம் பெரிது. தீப்பெட்டி போன்ற ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு மூன்று சொட்டு ரத்தத்தை விட்டு, மூடி, கருவிக்குள் செருகுவார்கள். உள்ளே போனதும் முதலில் ஒரு சின்னப் பை குத்தப்படும். அளவு தெரிந்த ஒரு திரவம் அதிலிருந்து வழிந்து சிலிக்கன் சிப்களின் மேல் ஓடும். 'நான் சரியாக அளக்கிறேனா?' என்று கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் கட்டம் இது. பிறகு ஒரு காற்றுப் பை அழுத்தப்பட்டு, ரத்தம் அதே சிப்களின் மேல் தள்ளப்படும். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை போன்றவை இரண்டே நிமிடத்தில் திரையில் வரும். தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இது இன்றும் பயன்படுகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கும் போயிருக்கிறது.

மூச்சுத் திணறலோடு வந்த நோயாளிக்குப் பொட்டாசியம் எவ்வளவு என்று இரண்டு நிமிடத்தில் தெரிவதற்கும் ஒரு மணி நேரம் கழித்துத் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம், சில சமயம் உயிர்தான்.

ஆனாலும் பாருங்கள், இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது அழுத்திப் பிழிந்தால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, அளவு அதிகமாகக் காட்டும். பெரிய லேப்பில் ரத்தத்தைச் சுழற்றித் தெளிய வைக்கும்போது, மேலே நிற்கும் நீர் சிவப்பாக இருந்தால், 'இந்த சாம்பிள் சரியில்லை' என்று டெக்னீஷியன் ஒதுக்கிவிடுவார். முழு ரத்தத்தையே அளக்கும் சின்னக் கருவியால் அந்தச் சிவப்பைப் பார்க்க முடியாது. அங்கே எடுப்பவரின் கைதான் காவல்.

இருமலும் இந்தியச் சிப்பும்

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருவோம்.

என்னிடம் வருகிறவர்களில் பலர் கேட்கிற முதல் மருந்து ஆடாதொடை மணப்பாகு. "ஒரு மாசமா இருமல் டாக்டர், ஒரு பாட்டில் எழுதிக் குடுங்க, போதும்" என்பார்கள். ஆடாதொடை அருமையான மூலிகை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால், மணப்பாகு எழுதுவதற்கு முன்னால் நான் சளிப் பரிசோதனைக்குத்தான் எழுதுவேன். "எங்க குடும்பத்துல டி.பி.யா? நாங்க நல்லா சாப்பிடறவங்க டாக்டர்!" என்று சிலருக்குக் கோபம்கூட வரும். காசநோய்க் கிருமி காற்றில் வருகிறது. அது பாங்க் பாலன்ஸ் பார்ப்பதில்லை. உலகத்தின் காசநோயாளிகளில் சுமார் கால் பங்கு இந்தியாவில் இருக்கிறார்கள். பஸ்ஸிலும் ஆபீசிலும் டியூஷன் சென்டரிலும் நாம் எல்லோரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறோம்.

ராபர்ட் காக் 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு நூறு வருடத்துக்கு மேலாக நம் முக்கிய ஆயுதம் மைக்ராஸ்கோப். ஆனால் ஒரு மில்லி சளியில் சுமார் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அதில் சுலபமாகக் கண்ணில் படும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முறை நுட்பமானது. ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த வாரங்களில் நோயாளி வீட்டில் பேரக்குழந்தையோடு படுத்துக்கொண்டிருப்பார்.

இங்கேதான் சிப் வருகிறது. ட்ரூநாட் என்ற பரிசோதனையைப் பெங்களூரின் பிக்டெக் லேப்ஸும் கோவாவின் மால்பயோ நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. கருவி பாட்டரியில் ஓடும். மேஜையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஏ.சி. அறை தேவையில்லாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்து நடத்தலாம்.

அது வேலை செய்யும் விதம் பி.சி.ஆர். முறை. கொரோனா காலத்தில் இந்த மூன்றெழுத்தைக் கேட்காத காது இருக்காது! கேரி முல்லிஸ் என்ற அமெரிக்கர் 1983-ல் கண்ட வழி. 1993-ல் நோபல் பரிசு பெற்றார். சதுரங்கப் பலகையில் கட்டத்துக்குக் கட்டம் நெல்மணியை இரட்டிப்பாக வைத்த கதை தெரியுமல்லவா? அதேதான். கிருமியின் மரபுப் பொருளில் ஒரு குறிப்பிட்ட பகுதியைச் சூடாக்கி, ஆற்றி, சூடாக்கி, ஆற்றி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குவது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒன்று 107 கோடியாகிவிடும்! கண்ணுக்குத் தெரியாதது கருவிக்குத் தெரிந்துவிடும்.

சளியிலிருந்து மரபுப் பொருளை ஒரு கருவி பிரித்துக் கொடுக்கும். அதிலிருந்து வெறும் 6 மைக்ரோலிட்டரை ஒரு சின்னச் சிப்பின் குழியில் விடுவார்கள். தாளிப்புக் கரண்டி உதாரணம் ஞாபகம் இருக்கிறதா? அளவு சின்னதாக இருப்பதால் அந்தச் சூடும் குளிரும் மளமளவென்று நடந்து முடிகிறது. சாம்பிள் தயாரிப்பையும் சேர்த்துச் சுமார் ஒரு மணி நேரத்தில் காசநோய்க் கிருமி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். உண்டு என்றால், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று அதே பிரித்தெடுத்த சாம்பிளில் அடுத்த சிப்பில் பார்க்கலாம். 2020-ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் காசநோய்க்குப் பரிந்துரைத்தது. அதே வருடம் கொரோனா பரிசோதனைக்கும் இந்தக் கருவிகள் நாடு முழுவதும் கைகொடுத்தன.

நமக்கெல்லாம் பெருமையான ஒரு பழைய செய்தியையும் சொல்கிறேன். 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சிக்காக ஒரு மையம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். சென்னை ஆராய்ச்சியாளர்கள், வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது, அதனால் வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அன்றைக்குச் சிகிச்சை வீடு தேடி வந்தது. இன்றைக்குப் பரிசோதனை நம் ஊர் தேடி வருகிறது. நாம் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்! அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

போகும்போது இரண்டு விஷயம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பிரயோஜனமில்லை. ஆழ மூச்சிழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். அடுத்தது, சிகிச்சை நடக்கும்போது 'இன்னொரு தடவை அதே டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?' என்று சிலர் கேட்பார்கள். இந்த முறை செத்த கிருமியின் மரபுப் பொருளையும் காட்டிவிடும். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மைக்ராஸ்கோப்பும் கல்ச்சரும்தான். 'கிருமி வந்திருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'கிருமி உயிரோடு இருக்கிறதா?' என்பது வேறு கேள்வி.

ஒரு சொட்டில் எல்லாம் தெரியுமா?

இந்தக் கேள்விக்கு 'தெரியும்' என்று சொல்லி ஒரு பெண்மணி உலகத்தையே நம்ப வைத்தார். அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் ஹோம்ஸ். 2003-ல், 19 வயதில், தெரனோஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் குத்தி எடுத்த சில சொட்டுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் என்று விளம்பரம். பெரிய பெரிய மனிதர்கள் கோடி கோடியாகக் கொட்டினார்கள். மருந்துக் கடைகளிலேயே பொதுமக்களுக்குப் பரிசோதனையும் நடந்தது. 2015-ல் ஒரு பத்திரிகையாளர் அதன் குட்டை உடைத்தார். பல பரிசோதனைகள் மற்ற கம்பெனிகளின் சாதாரண மிஷினில்தான் நடந்தன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. 2016-ல் அந்த நிறுவனமே தன் கருவியில் எடுத்த இரண்டு வருட ரிப்போர்ட்டுகளை ரத்து செய்தது. 2018-ல் நிறுவனம் மூடப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022-ல் ஹோம்ஸுக்கு 11 வருடத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

மோசடி ஒரு பக்கம் இருக்கட்டும். விஞ்ஞானமே ஏன் ஒத்துழைக்கவில்லை? இதை நீங்கள் புரிந்துகொண்டால் நாளைக்கு எந்த விளம்பரமும் உங்களை ஏமாற்ற முடியாது.

விரல் நுனி ரத்தம் தூய ரத்தமல்ல. பிழியும்போது சதையில் உள்ள நீரும் சேர்ந்து வரும். ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்த சொட்டுகளிலேயே ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் கூடக்குறைய இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் வெறும் எண்ணிக்கை. ரத்தத்தில் கிருமி பரவி ஆபத்தான நிலையில் இருக்கும் நோயாளிக்கும், சில சமயம் ஒரு மில்லி ரத்தத்துக்கு ஒரு கிருமிதான் இருக்கும். ஒரு மில்லியில் 20 சொட்டு. ஒரே ஒரு சொட்டை எடுத்தால், 20 தடவையில் 19 தடவை அதில் கிருமி இருக்காது. உலகத்திலேயே சிறந்த சிப்பைக் கொண்டு வந்து வைத்தாலும், இல்லாததை அது எப்படிக் காட்டும்? அதனால்தான் இத்தகைய பரிசோதனைக்குப் பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். "இவ்வளவு ரத்தமா எடுக்கறீங்க?" என்று ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள்!

சர்க்கரை அப்படியல்ல. ஒரு சொட்டின் நூறில் ஒரு பங்கிலும் கோடானுகோடி குளுக்கோஸ் மூலக்கூறுகள் இருக்கின்றன. அதனால் அங்கே சின்ன அளவு போதுகிறது. எது நிறைய இருக்கிறதோ அதைச் சொட்டில் தேடலாம். எது அரிதாக இருக்கிறதோ அதைத் தேடச் சொட்டு போதாது. மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் சொல்லும் எண்

திரும்பவும் உங்கள் வீட்டு மீட்டருக்கு வருவோம்.

"காலையில 118, உடனே திரும்பப் பார்த்தா 127. மிஷின் ரிப்பேரா டாக்டர்?" ரிப்பேர் இல்லை. சர்வதேசத் தரவிதியே (2013) இப்படித்தான் சொல்கிறது: 100 அளவீடுகளில் 95, லேப் முடிவோடு இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். சர்க்கரை 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். 100-க்கு மேலே என்றால் 15 சதவீதம். அதாவது உண்மையில் 200 இருக்கும்போது மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தரமான மீட்டர்தான். ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், பாயசம் வைக்கவும் வேண்டாம். ஒரு வாரத்தின் போக்கைப் பாருங்கள்.

அந்தப் போக்கும் சரியாக இருக்க வேண்டுமானால்:

• சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழமோ வாழைப்பழமோ உரித்த கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை, மீட்டரை ஏமாற்றி எக்கச்சக்கமாகக் காட்ட வைக்கும். ஸ்பிரிட் பஞ்சில் துடைத்தால் மட்டும் அது முழுக்கப் போகாது.

• விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள். வலியும் குறைவு.

• ரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு, வெந்நீரில் கழுவினால் தானாக வரும்.

• ஸ்ட்ரிப் குப்பியை உடனே மூடுங்கள். அப்பளம் நமுத்துப் போவது போல, ஸ்ட்ரிப்பில் உள்ள நொதியும் ஈரத்தில் கெடும். காலாவதித் தேதியைப் பாருங்கள்.

• ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதிக அளவில் வைட்டமின் சி எடுத்துக்கொள்பவர்களுக்கும் சில மீட்டர்கள் தப்பாகக் காட்டும். டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.

• வருடத்தில் சில தடவை, லேப்புக்குப் போகும்போது உங்கள் மீட்டரையும் எடுத்துப் போய், அதே நேரத்தில் இரண்டிலும் பார்த்து ஒப்பிடுங்கள்.

யார் முடிவு செய்வது?

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பல வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர். ஒரு மாதமாக ஆவாரைக் குடிநீரும் சேர்த்துக் குடித்து வருகிறார். பத்து நாள் காலை அளவுகளைக் கோடு போட்டு அழகாக எழுதியிருந்தார். எல்லாம் 110-ஐ ஒட்டியே இருந்தன. "பாருங்க டாக்டர், மாத்திரையை நிறுத்திடலாம்தானே?" முகமெல்லாம் சிரிப்பு.

நான் சொன்னேன்: "சார், இது வெறும் வயிற்றுக் கணக்கு. சாப்பிட்ட பிறகு எவ்வளவு ஏறுதுன்னு இது சொல்லலையே? மூணு மாசச் சராசரியும் பார்க்கணும். ரெண்டையும் எடுத்துக்கிட்டு, மாத்திரை எழுதின டாக்டரைப் பாருங்க. நான் என்ன குடுக்கிறேன்னு ஒரு சீட்டும் எழுதித் தர்றேன். அவருக்கும் தெரியணும்."

அவர் போய்ப் பார்த்தார். மூன்று மாதச் சராசரி இன்னும் அதிகமாகத்தான் இருந்தது. மாத்திரை தொடர்கிறது, குடிநீரும் தொடர்கிறது. இப்போது அவருடைய நோட்டில் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவுக்கும் ஒரு பத்தி இருக்கிறது.

மூலிகை மருந்து எடுத்துக்கொள்பவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். மாத்திரையோடும் இன்சுலினோடும் நம் மருந்தும் சேரும்போது சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பவும் குடியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டுச் சின்ன மீட்டர் எந்தப் பெரிய லேப்பைவிடவும் பெரியது.

இனிமேல் இன்னும் பல கருவிகள் வரும். கடைக்காரரும் விளம்பரமும் 'எல்லாம் தெரியும்' என்பார்கள். வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த ஒன்றை அளக்கிறது? லேப்போடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்களா? வரும் எண்ணை நான் யாரிடம் காட்ட வேண்டும்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரமாக இருமல் நிற்கவில்லையா? இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு, நாளைக் காலையில் அவரை அழைத்துக்கொண்டு பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மணப்பாகு எங்கேயும் ஓடிவிடாது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசலாம்.